"படத்துல என்ன இருக்கு?"

19 வருஷமாக ஒரே பொய்யைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுப் பொய் இல்லை, பாதிப் பொய். எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "படத்துல என்ன இருக்கு?" நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க" என்பேன். டாக்டர் சொல்வார் என்பது நிஜம்தான். எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி சொல்கிறேனே, அதுதான் பொய். தினமும் 40, 50 மார்புப் படம் எடுக்கிறவனுக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்தால் தெரியாதா, விலா எலும்பு முறிந்திருந்தால் தெரியாதா? தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. எடுப்பது டெக்னீஷியன் வேலை, படிப்பது ரேடியாலஜிஸ்ட் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்கு இதைப் பழக்கிவிடுவார்கள்.

அந்த விதியில் தப்பு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் படத்தில், வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வட்டமாக ஒரு புள்ளியைப் பார்த்தேன். கட்டிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தேன். கடைசியில் அது மார்க்காம்பின் நிழல். ரேடியாலஜிஸ்ட் அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மனிதர் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார். அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருப்பதே மேல் என்று அப்போது புத்தியில் ஏறியது. ஏறினது அப்படியே உட்கார்ந்தும் விட்டது, ஒரு லாரி டிரைவர் வரும்வரை.

அவருக்கு இரண்டு மாசமாக இருமல், ராத்திரியில் வியர்வை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை குத்தியிருந்தார், ஆணியால் குத்தியது போல ஒழுங்கில்லாத ஓட்டை. மோவாயைத் தூக்கி, தோளை முன்னால் தள்ளி, மார்பை டிடெக்டரோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க... விடுங்க." திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் உச்சியில் தடித்த சுவரோடு ஒரு குழி. காசநோயோ என்று சந்தேகப்படப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ரேடியாலஜிஸ்ட் கிடையாது. படங்களை இணையம் வழியாக வேறோர் ஊருக்கு அனுப்புவோம், அங்கே வரிசையில் கிடக்கும். "நாளைக்கு லோடு ஏத்தணும், திரும்பி வரும்போது ரிப்போர்ட் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிப்போர்ட் 9-ஆம் நாள் வந்தது. அவர் கொடுத்திருந்த நம்பர் அணைந்து கிடந்தது. அப்புறம் அவர் வரவே இல்லை.

இதில் என்னை உறுத்துவது வரிசையின் நீளம் மட்டும் இல்லை. டாக்டரின் அறை என் அறையிலிருந்து 20 அடி. டெக்னீஷியன் நோயாளியிடம்தான் பேசக் கூடாது, டாக்டரிடம் பேசலாம். படத்தைக் காட்டி "இவரை இன்னிக்கு விட்டுடாதீங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். வெளியே கூட்டம் நின்றது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். எத்தனையோ கேபின்களில், எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் அவர் இருமிக்கொண்டே தூங்கியிருப்பார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற அடிப்படை வசதியே எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. என் டிரைவர் அந்தக் கணக்கில் வர மாட்டார். அவருக்குத்தான் வசதி எட்டிவிட்டதே! படம் எடுத்தாயிற்று, பதிவேட்டில் ஏறியாயிற்று. படம் அவரை எட்டியது, படத்தில் இருந்த சேதி எட்டவில்லை. இந்தத் துறையின் சரித்திரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கருவியை ஆளிடம் கொண்டுபோன கதைதான். ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து, தன் மனைவியின் கையைப் படமெடுத்தார், காப்புரிமை வாங்கவில்லை. முதல் உலகப் போரில் மேரி க்யூரி எக்ஸ்ரே கருவியைக் காரில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரின் எஞ்சினே கொடுத்தது. கருவியை இயக்க சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அந்தக் காரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அங்கே படம் எடுப்பவரும் கத்தி பிடிப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். குண்டுத் துணுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 9 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

பெட்டி வந்த கதை

எங்கள் எக்ஸ்ரே அறைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது தடித்த புத்தக அளவில் ஒரு கறுப்புப் பெட்டியாக. இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். படம் எடுத்த ஒரு நிமிஷத்துக்குள் அதே படத்தின் மேல் சந்தேகமான இடத்தில் சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பூசி, ஓரத்தில் 0-இலிருந்து 100-க்குள் ஓர் எண்ணைப் போடும். காசநோய்க்கான அறிகுறி படத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதற்கான எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிவுரையில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் காசநோய்க்காகச் சலித்துப் பார்க்க, மனிதருக்குப் பதிலாக இந்த மாதிரி மென்பொருளையே பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தது. படிக்க ஆள் இல்லாத எங்களைப் போன்ற இடங்களுக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம் இல்லை, வயிற்றெரிச்சல். இத்தனை வருஷமாக நான் வாயைத் திறக்கக் கூடாது, நேற்று வந்த பெட்டி திறக்கலாமா? அதைப் பொருத்த வந்த பையனிடம், "இது எத்தனை படம் பார்த்திருக்கும் தம்பி?" என்று கேட்டேன். "லட்சக்கணக்குல சார்" என்றான். நானும் வாழ்நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், லட்சத்தைத் தாண்டித்தான் இருக்கும். ஆனால் என்னிடம் யாரும் ஒவ்வொரு படத்துக்கும் விடையைச் சொன்னதில்லை. பாதிப் படங்களின் ரிப்போர்ட்டை நான் பார்த்ததே கிடையாது. பெட்டிக்கு ஒவ்வொரு படமும் விடையோடு கொடுக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் அங்கேதான். அந்த விடைகள் எப்படி வந்தன என்பதும் ஒரு தனிக் கதை. 2017-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 30,805 பேரின் 1,12,120 மார்பு எக்ஸ்ரேக்களைப் பொதுவில் வெளியிட்டது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதில்தான் கை பழகினார்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் ஒட்டியிருந்த நோயின் பெயரை மனிதர்கள் உட்கார்ந்து எழுதவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு மென்பொருள் படித்து, வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டியது. அவசரத்தில் எழுதின ரிப்போர்ட்டும் அதில் இருக்கும், நிதானமாக எழுதினதும் இருக்கும். எல்லாம் சேர்ந்ததுதான் பாடப் புத்தகம்.

ரேடியாலஜிஸ்டுகளுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2016-லேயே கிடைத்துவிட்டது. ஜெஃப்ரி ஹின்டன், செயற்கை நுண்ணறிவுத் துறையின் பெரிய தலை, பிற்பாடு 2024-இல் நோபல் பரிசும் வாங்கியவர், இனிமேல் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்றார். அவர் சொன்ன கெடு 2021-லேயே முடிந்துபோயிற்று. எங்கள் படங்கள் கிடக்கும் வரிசையில் இன்னும் ஆள் போதவில்லை. ஆனாலும் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. மனிதக் கண் என்ன லட்சணம் என்று எங்களுக்குத் தெரியாதா? 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களுக்குள், சாதாரணக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிதாக ஒரு கொரில்லா படத்தை ஒட்டிவைத்து, 24 ரேடியாலஜிஸ்டுகளைக் கட்டி தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. அவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று அர்த்தம் இல்லை. தேடச் சொன்னதைத் தேடினார்கள், அவ்வளவுதான்.

வசதியான நாடுகளில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. சுவீடனில் 80,000-க்கு மேற்பட்ட பெண்களின் மார்பகப் படங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்ப்பார்கள். ஏஐ ஆபத்துக் குறைவு என்று பிரித்த படங்களை ஒருவரே பார்த்தார். படிக்கும் வேலை சுமார் 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. நல்ல விஷயம்தான். இரண்டு ஜோடிக் கண் இருந்த இடத்தில் ஒன்று மிச்சமாகியிருக்கிறது. அப்படி மிச்சமாகும் நேரம் ஒரு ஜோடிக் கண்கூட இல்லாத இடத்துக்கு வந்து சேருமா என்று யாரும் எழுதவில்லை.

சடை

பெட்டி வந்து நாலு மாசம் இருக்கும். வேலையில் சேர உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு பெண் வந்திருந்தாள். இருபது, இருபத்தொரு வயசு. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். நிற்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எடுத்தேன். பெட்டி 78 என்று போட்டது. வலது நுரையீரலின் உச்சியில் திட்டாகச் சிவப்பு, கிட்டத்தட்ட டிரைவருக்குக் குழி இருந்த அதே இடத்தில். எனக்குக் கை சில்லிட்டது. அதற்குள் அவள் திரும்பித் திரையைப் பார்த்துவிட்டாள். "சார், அது ஏன் சிவப்பா இருக்கு?"

டாக்டர் சொல்வாங்க என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரையில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தப் பதில் எப்படி எடுபடும்? நிறத்தை அணைத்துவிட்டு வெறும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பட்டை. உச்சியிலிருந்து கீழே வந்தது. மேலேயும் போனது, காறை எலும்பைத் தாண்டி, கழுத்துப் பக்கம் வரைக்கும். நுரையீரல் அந்த இடம் வரை இருக்காதே! இன்னும் பெரிதாக்கினேன். பட்டைக்குள் மெல்லிய கோடுகள், ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போயின. திரும்பி அவள் தோளைப் பார்த்தேன். மணிக்கட்டுத் தடிமனில் சடை, வலது தோள் வழியாக முதுகில் இறங்கியிருந்தது. கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. ஈரச் சடை படத்தில் இன்னும் அடர்த்தியாக விழும்.

"சடையைத் தூக்கி உச்சியில முடிஞ்சுக்கம்மா" என்பது நான் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வாக்கியம். அன்றைக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால், பெட்டி வந்த பிறகு ஒரு நாளைக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது, படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும் என்ற அலட்சியமும் எனக்குள் கொஞ்சம் சேர்ந்திருந்தது. முடியைத் தூக்கி முடியச் சொல்லி மறுபடி எடுத்தேன். எண் 6. "மன்னிச்சுக்கோம்மா, தப்பு என்னுது, உனக்கு ஒண்ணும் இல்லை, டாக்டரும் பார்ப்பாரு" என்று முதல் தடவையாக ஒரு நோயாளியிடம் படத்தைப் பற்றிப் பேசினேன். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவுதான். இருந்தாலும் அவள் உடம்பில் தேவையில்லாமல் ஒரு தடவை கூடுதலாகப் பாய்ச்சியவன் நான்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பெட்டியின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் வந்தது வேறொரு கவலை. பெட்டி என்னை ஏமாற்றவில்லை. நான் கொடுத்த படத்துக்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. அந்தப் பெண்ணின் நுரையீரலைப் பற்றித்தான் அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நான் எடுத்த படம். ரேடியாலஜிஸ்ட் என்றால் "முடி மறைக்கிறது, மறுபடி எடு" என்று எழுதி அனுப்பி என்னைத் திட்டியிருப்பார். பெட்டி திட்டாது. இல்லாததை இருக்கிறது என்று காட்டினால்கூடப் பரவாயில்லை, மறுபடி எடுத்தால் தீர்ந்தது. இருப்பதை நான் மறைத்துவிட்டால்? மூச்சைச் சரியாக இழுக்கவைக்காமல் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கிப்போய்விடும். தோளை முன்னால் தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் படுத்துக்கொள்ளும். கதிர் அதிகமானால் மெல்லிய நிழல் கரைந்தே போகும். அப்போது பெட்டி 6 என்று போடும். அந்த 6-ஐ யாரும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

இயந்திரமே படித்துவிடும், அதனால் எடுக்க யார் வேண்டுமானாலும் போதும், பொத்தானை அமுக்கத் தெரிந்தால் சரி என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது. முன்பு என் தப்பைப் பிடிக்கப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். இப்போது கடைசிக் கண் என்னுடையது.

ஈய எழுத்து

இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது என் தொழிலையே கிள்ளிப் பார்த்த மாதிரி ஓர் ஆய்வு கிடைத்தது. நாங்கள் படம் எடுக்கும்போது வலது, இடது அடையாளத்துக்காக ஈயத்தில் செய்த ஒரு சின்ன எழுத்தை ஓரத்தில் வைப்போம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதன் வடிவம் ஒரு மாதிரி, வைக்கும் இடம் ஒரு மாதிரி. ஜான் ஸெக் என்பவரும் அவரது குழுவும் 2018-இல் நிமோனியா கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளைச் சோதித்தார்கள். பழகிய ஆஸ்பத்திரிப் படங்களில் நன்றாகச் செய்த அது, வெளி ஆஸ்பத்திரிப் படங்களில் பல சமயம் சறுக்கியது. உள்ளே நுழைந்து பார்த்தால், இந்தப் படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதையே அது கிட்டத்தட்டத் தப்பாமல் கண்டுபிடிக்கக் கற்றிருந்தது, நுரையீரலை விட்டுவிட்டு மூலையில் இருந்த ஈய அடையாளத்தையும் பார்த்து. ஓர் ஆஸ்பத்திரியில் நிமோனியா அதிகம் என்றால், அங்கே எடுத்த படம் என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரிதானே. பரீட்சையில் கேள்வியைப் படிக்காமல் வினாத்தாளின் நிறத்தைப் பார்த்து விடை எழுதும் பையன் போல. படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். எங்கள் கூட்டம் வைக்கும் ஈயத் துண்டை யாராவது அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இன்னொன்று கண் படங்களைப் பற்றியது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுகிறதா என்று பார்க்கும் கூகுளின் மென்பொருள் ஆய்வுக்கூடத்தில் மிக நன்றாகச் செய்தது. அதைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்து என்ன நடக்கிறது என்று கூகுள் ஆய்வாளர்களே உட்கார்ந்து பார்த்து 2020-இல் எழுதினார்கள். படம் எடுப்பவர்கள் நர்ஸுகள். இருட்டறை எல்லா இடத்திலும் கிடையாது. முதல் ஆறு மாசத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவு போதாது என்று மென்பொருள் வாங்க மறுத்துவிட்டது. நர்ஸின் கண்ணுக்குப் பார்க்கும்படியாகத் தெரிந்த படத்துக்கும் மறுப்பு. மறுக்கப்பட்டவர்கள் இன்னொரு நாள் லீவு போட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். சந்தேகமான படத்தை வாங்க மறுப்பது சரி, எங்கள் பெட்டியும் அப்படி மறுத்திருந்தால் சடைக்குப் போய் 78 போட்டிருக்காது. ஆனால் அந்த நர்ஸின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். வெளியே வரிசை. எதிரில் ஓர் ஆள், வேலையை விட்டுவிட்டு வந்தவர். திரையில் "மறுபடி முயலவும்". அவர் கேட்பார், ஏங்க, என் கண்ணுல ஏதாவது கோளாறா?

பெட்டி போடும் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டாக்டர்களே சிலர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பார்த்திருக்கிறேன். 70 என்றால் 70 சதவீதம் காசநோய் என்று அர்த்தம் இல்லை. எந்த எண்ணுக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு கோடு கிடையாது. அந்தந்த இடத்தில் சோதித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டைக் கீழே இறக்கினால் நிறையப் பேரை வீணாக அனுப்புவோம், மேலே ஏற்றினால் நோய் உள்ளவர் நழுவிவிடுவார். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு எத்தனை பேருக்குக் கையில் சரக்கு இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் கோடு விழுகிறது. பத்து வருஷத்துக்கு முன் காசநோய் வந்து முழுசாகக் குணமானவரின் தழும்புக்கும் பெட்டி சிவப்பு பூசும். "உங்களுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்க வேண்டியது மனிதர்தான்.

கைக்கு வழி சொல்வது

எக்ஸ்ரேயில் எடுப்பதும் படிப்பதும் இரண்டு வேலை. அல்ட்ராசவுண்டில் அப்படிப் பிரிக்க முடியாது, கை நகரும்போதே கண் படிக்க வேண்டும். அதனால்தான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகும் அளவில், போனோடு இணைக்கும் ஸ்கேன் கருவிகள் வந்தபிறகும் அவை பல இடங்களில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன என்று நினைக்கிறேன். ஏஐ செய்யும் வேலைகளில் எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருப்பது இங்கேதான். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், இதயத்தை ஸ்கேன் செய்து முன்னனுபவமே இல்லாத 8 நர்ஸுகளிடம் 240 நோயாளிகளைக் கொடுத்தார்கள். ப்ரோபை, அதாவது உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியை, இந்தப் பக்கம் சாய், கொஞ்சம் திருப்பு, அப்படியே நில் என்று திரை வழி சொல்லிக்கொண்டே இருந்தது. இதயத்தின் இடது கீழறையின் அளவையும் வேலையையும் கணிக்க, எடுத்த படங்கள் போதும் என்று நிபுணர்கள் 98.8 சதவீதம் பேருக்குச் சொன்னார்கள். அமெரிக்காவிலும் ஜாம்பியாவிலும் கர்ப்பிணிகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், பயிற்சி இல்லாதவர் திரையைக்கூடப் பார்க்காமல் வயிற்றின் மேல் ப்ரோபைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் போதும், கருவுக்கு எத்தனை வாரம் என்று மென்பொருள் சொல்லிவிட்டது. ஸ்கேன் எடுப்பதில் தேர்ந்த சோனோகிராபர் அளந்து சொல்வதற்கு ஈடாகச் சொன்னது.

இதில் எனக்குப் பிடித்தது, திரை கையோடு பேசுகிறது என்பது. எங்கள் பெட்டி எடுத்து முடிந்த பிறகு தீர்ப்பு மட்டும் சொல்கிறது. "முடி மறைக்கிறது", "மூச்சு போதவில்லை", "வலது தோள் திரும்பியிருக்கிறது" என்று எடுக்கும் முன்னால் என்னிடம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! படம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் மென்பொருள் உண்டுதான். எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது நோயைத் தேடுவது. எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் டெக்னீஷியனைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எம்ஆர்ஐயிலும் இதே ஓட்டம்தான். சக்கரம் வைத்து, சாதாரண பிளக்கில் சொருகி, படுக்கைக்குப் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு போகும் எம்ஆர்ஐ 2020-இல் அனுமதி வாங்கியது. காந்தத்தின் பலம் 0.064 டெஸ்லா, வழக்கமானது 1.5. அவ்வளவு பலவீனமான காந்தத்தில் வரும் மங்கலான படத்தை ஏஐ துடைத்துத் தெளிவாக்குகிறது. துடைக்கும்போது தூசியோடு வேறெதையும் துடைத்துவிடாமல் இருந்தால் சரி.

சடைக்குப் பிறகு எங்கள் டாக்டரிடம் போய்ப் பேசினேன், டிரைவர் கதையையும் சேர்த்து. இல்லை, பொய் சொல்கிறேன். டிரைவர் கதையைச் சொல்லவில்லை. இனிமேல் கோட்டைத் தாண்டின எண் வந்தால், படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் முதலில் பார்த்துவிட்டு, ஆளை அனுப்பாமல் உட்கார வைத்துவிட்டு, நேரே உங்களிடம் வருகிறேன் என்றேன். நோயாளிக்குச் சொல்வது நீங்கள்தான், ஆனால் அவர் வெளியே போவதற்குள் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இப்படிச் செய்யலையா நாம?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

போன மாசம் ஒரு பெயிண்டர் வந்தார். கை முழுக்க வெள்ளைப் புள்ளி, சட்டைப் பையில் மடித்த மருந்துச்சீட்டு. எண் 84. சட்டையைக் கழற்றித்தான் எடுத்திருந்தேன், சங்கிலி இல்லை, மூச்சு நன்றாக இழுத்திருந்தார், காறை எலும்புகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன. சிவப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன், நிழல் அங்கேயே இருந்தது. "படத்துல என்ன இருக்கு?" என்றார். "இந்த மாஸ்க்கைப் போட்டுட்டு உட்காருங்கண்ணே, எங்கயும் போயிடாதீங்க, இப்பவே டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த 20 அடியை நடந்தேன். டாக்டர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிஷம் கழித்து பெயிண்டர் மூடி போட்ட சின்ன டப்பாவோடு வெளியே வந்தார். சளி எடுப்பது திறந்த வெளியில்தான். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மாஸ்க்கை இறக்கிவிட்டுத் துப்பி, டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது போதுமா?" என்று கேட்டார்.

"அது எச்சிண்ணே. நெஞ்சுல இருந்து வரணும்," என்றேன். "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க... இப்ப இருமுங்க."